ஆரோக்கிய உணவும் அடுத்த நாட்டுச் சாப்பாடும்: இரண்டையும் ஒரே பாடமாக நடத்துவது எப்படி?

மூன்றாம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஆரோக்கியமான உணவு, பிற பண்பாடுகள் என்ற இரண்டு தலைப்பையும் சேர்த்து நான்கு வாரத்துக்குப் பாடம் தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் 30 பிள்ளைகள். நான்கைந்து பேர் வேறு நாட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள். முதல் மூன்று வாரம் ‘நல்ல உணவு, கெட்ட உணவு’ சார்ட்டும் சத்துகளின் பட்டியலும். கடைசி வாரம் ‘உலக உணவு நாள்’. பெற்றோர் ஆளுக்கொரு நாட்டு உணவு செய்து கொடுத்தனுப்புவார்கள். இந்தத் திட்டம் சரிவருமா?”

கடைசி நாள் விருந்தை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சார்ட்டை மட்டும் ஒட்டாதீர்கள். மூன்று வாரம் சத்து, ஒரு வாரம் பண்பாடு என்று பிரித்தால் முதல் பாதி மருந்துச் சீட்டு மாதிரியும், இரண்டாம் பாதி பொருட்காட்சி மாதிரியும் ஆகிவிடும். ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் இரண்டும் தானாக ஒன்று சேரும்: “அந்த இடத்தில் என்ன விளைந்தது? அதை வைத்துக்கொண்டு அங்கிருந்தவர்கள் உடம்புக்கு வேண்டியதை எப்படித் தேடிக்கொண்டார்கள்?” நான்கு வாரமும் இந்த ஒரே கேள்வியை வேறுவேறு நாட்டுக்குக் கேட்டால் போதும்.

சார்ட் வேண்டாம் என்று ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நானே அதை ஒட்டியவன். பச்சைக் கட்டத்தில் நல்லவை, சிவப்புக் கட்டத்தில் கெட்டவை. மூன்றாம் நாள் மதியம் ஒரு பையன் ஓடி வந்தான்: “சார், அவ சிவப்புக் கட்டத்துல இருக்கறத சாப்பிடுறா.” போய்ப் பார்த்தால், அந்தப் பெண் டிபன் பாக்ஸ் மூடியைப் பாதி திறந்து வைத்து, அதற்குள் கையை விட்டு, யாருக்கும் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். எட்டு வயதுப் பிள்ளை சந்தைக்குப் போவதில்லை, சமைப்பதுமில்லை. வீட்டில் கட்டிக் கொடுத்ததைக் கொண்டுவருகிறது. ‘கெட்ட உணவு’ என்று நான் எழுதியதை அந்த வயதில் ‘கெட்ட வீடு’ என்றுதான் எடுத்துக்கொள்ளும். அன்று சாயங்காலமே சார்ட்டைக் கழற்றிவிட்டேன். அதன் பிறகு நான் சொல்வது இரண்டே சொல்: தினமும் சாப்பிடுவது, எப்போதாவது சாப்பிடுவது. டிபன் பாக்ஸ் சோதனை, வகுப்பில் எடை பார்ப்பது இரண்டையும் அறவே விட்டேன். எடை டாக்டரும் பெற்றோரும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் அந்த எண்ணைச் சொன்னால், கணக்குப் பாடத்தில் எந்த எண்ணும் நினைவில் நிற்காத பிள்ளைக்குக்கூட அது மட்டும் வருடக்கணக்கில் நிற்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தச் சார்ட்டுகள் பெரும்பாலும் ஏதோ ஒரு நாட்டுத் தட்டை மனத்தில் வைத்து வரைந்தவை. நடுவில் ஒரு தம்ளர் பால் கண்டிப்பாக இருக்கும். ஆனால் உலகில் வளர்ந்தவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் திறன் சிறுவயதுக்குப் பிறகு குறைந்துவிடுகிறது. பாலைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கமே இல்லாத சமூகங்கள் எத்தனையோ உண்டு. அவர்களுக்குக் கால்சியம் கீரையிலிருந்தும், முள்ளோடு தின்னும் சிறு மீனிலிருந்தும், சோயாப் பாலைத் திரிய வைத்துச் செய்யும் டோஃபுவிலிருந்தும் கிடைக்கிறது. பால் குடிக்காத வீட்டுப் பிள்ளை அந்தச் சார்ட்டைப் பார்த்து என்ன நினைக்கும்?

சரி, முதல் வாரம் எதில் தொடங்குவது? அரசாங்கங்கள் வெளியிடும் உணவு வழிகாட்டிப் படங்களில் தொடங்குங்கள். 100-க்கும் மேற்பட்ட நாடுகள் தம் மக்களுக்கு ‘இப்படிச் சாப்பிடுங்கள்’ என்று வழிகாட்டி வெளியிட்டிருக்கின்றன. சொல்லும் விஷயம் ஏறக்குறைய ஒன்றுதான்; படம்தான் நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பான் 2005-ல் ஒரு பம்பரம் வரைந்தது. மேலே அகலமான அடுக்கில் சோறு, ரொட்டி, நூடுல்ஸ். கீழே போகப் போகக் காய், மீன், இறைச்சி, பிறகு பாலும் பழமும். நடுத்தண்டு தண்ணீரும் தேநீரும். பம்பரத்தின் மேல் ஒரு ஆள் ஓடிக்கொண்டிருப்பார், ஏனென்றால் ஓட்டம் நின்றால் பம்பரம் சாய்ந்துவிடும். சீனா அடுக்குக் கோபுரம் வரைந்திருக்கிறது. தாய்லாந்து தொங்கவிட்ட முக்கோணக் கொடி. குவாத்தமாலா குடும்பத்துச் சமையல் பானை. ஆப்பிரிக்காவின் பெனின் ஒரு பாரம்பரிய வீடு. அமெரிக்கா 1992-ல் பிரமிடு வரைந்து, 2011-ல் அதை விட்டுவிட்டுத் தட்டுக்கு மாறியது.

ஐந்தாறு படங்களை அச்செடுத்து, பெயரை மறைத்துத் தரையில் பரப்பிவிடுங்கள். “எல்லாப் படத்திலும் பெரிய இடம் யாருக்கு? மூலையில் கொஞ்சூண்டு இடம் யாருக்கு?” என்று மட்டும் கேளுங்கள். தானியமும் காய்களும் பெரிய இடம், சர்க்கரையும் எண்ணெயும் உப்பும் ஓரம் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். நீங்கள் ஒரு வரிகூட எழுதிப் போட வேண்டியதில்லை.

அடுத்த நாள், “உங்கள் வீட்டில் எல்லாரும் பயன்படுத்தும் ஒரு பொருளின் வடிவத்தில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டை வரையுங்கள்” என்று விடுங்கள். குடை வரும், செருப்பு வரும், பக்கெட் வரும். என் வகுப்பில் ஒரு பையன் ஃபேன் வரைந்தான். மூன்று இறக்கை: ஒன்றில் தானியம், ஒன்றில் காய்கனி, ஒன்றில் பருப்பும் முட்டையும். “ஒரு இறக்கை சின்னதா இருந்தா?” என்று கேட்டேன். “ஆடும் சார், சத்தம் வரும்” என்றான். சமச்சீர் உணவு என்ற சொல்லை இதைவிட நன்றாக நான் ஒருநாளும் விளக்கியதில்லை.

ஆசிரியராக உங்கள் கையில் சில எண்கள் இருப்பது நல்லது. காய்கனி எவ்வளவு வேண்டும் என்பதற்கு உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் தந்த அளவு: 2 முதல் 5 வயதுக்கு நாளுக்குக் குறைந்தது 250 கிராம், 6 முதல் 9 வரை 350 கிராம், 10 வயதுக்கு மேல் 400 கிராம். இந்த எண்களைப் பிள்ளைகளிடம் ஒப்பிக்க வேண்டாம். அவரவர் கைப்பிடியை அளவாகக் காட்டுங்கள். கை சிறியதென்றால் அளவும் சிறியதாகிவிடும், சௌகரியம். சர்க்கரையைக் கணக்குப் பாடத்துக்குள் கொண்டுபோய்விடலாம். 330 மில்லி கோலா பானத்தில் சுமார் 35 கிராம் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி 4 கிராம். வகுத்துப் பார்க்கட்டும். எட்டு, ஒன்பது தேக்கரண்டியை ஒரு கண்ணாடித் தம்ளரில் அவர்களே அளந்து போட்டுப் பார்த்தால் போதும், பிரசங்கம் வேண்டாம்.

இரண்டாம் வாரத்துக்கு நான் வைத்திருப்பது ‘ஜோடி’ விளையாட்டு. உலகின் பல மூலைகளிலும் மக்கள் ஒரு தானியத்தையும் ஒரு பயறையும் ஜோடி சேர்த்துத்தான் வயிறு நிரப்பியிருக்கிறார்கள். மெக்சிகோவில் மக்காச்சோள ரொட்டியும் கறுப்பு பீன்ஸும். பிரேசிலில் சோறும் பீன்ஸும். எகிப்தில் குஷாரி: அரிசி, பருப்பு, பாஸ்தா, கொண்டைக்கடலை எல்லாம் ஒரே கிண்ணத்தில். வட ஆப்பிரிக்காவில் கோதுமை ரவையில் செய்த கூஸ்கூஸும் கொண்டைக்கடலையும். கானாவில் வாச்சே, அதாவது அரிசியும் காராமணியும் சேர்த்து வேகவைத்தது. ஜப்பானில் சோறும் சோயாவும். பெரும்பாலும் யாரும் யாரையும் கேட்டு இதைச் செய்யவில்லை. தானியப் புரதத்தில் லைசின் என்ற கூறு குறைவு, பயற்றுப் புரதத்தில் மெத்தியோனைன் என்ற கூறு குறைவு; இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. இந்தப் பெயர்கள் உங்களுக்காகச் சொன்னவை. பிள்ளைகளுக்கு, “ஒருத்தன்கிட்ட பென்சில் இருக்கு, ரப்பர் இல்ல, இன்னொருத்தன்கிட்ட ரப்பர் இருக்கு” என்றாலே புரிந்துவிடும். ஒரே வேளையில்தான் இரண்டையும் சாப்பிட வேண்டும் என்றில்லை, ஒரு நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும். யாராவது ஒரு பெற்றோர் கேட்பார், அதனால் சொல்லிவைக்கிறேன். தானிய அட்டை 15, பயறு அட்டை 15 எழுதி ஆளுக்கொன்று கொடுத்து, தன் ஜோடியைத் தேடிப் பிடித்து எந்த நாடு என்று வரைபடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அரிசி பல நாட்டுக்கு வரும், அதனால் சண்டை வரும். அந்தச் சண்டையை நிறுத்தாதீர்கள். அரிசி எங்கெல்லாம் போயிருக்கிறது என்பதைப் பிள்ளைகள் கற்றுக்கொள்வதே அந்தச் சண்டையில்தான்.

இந்த வாரத்திலேயே மக்காச்சோளத்தின் கதையைச் சொல்லிவிடுங்கள். ஆரோக்கியம், பண்பாடு என்று இரண்டு சொல்லை ஒரு கயிற்றில் கட்டுவதற்கு எனக்குத் தெரிந்தவரை இதைவிட நல்ல கதை இல்லை.

மக்காச்சோளம் தெற்கு மெக்சிகோவில் ஏறக்குறைய 9000 ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டுப்புல்லிலிருந்து மனிதர் வளர்த்தெடுத்த பயிர். அங்கே அதை நேராக மாவாக்கிச் சாப்பிட மாட்டார்கள். சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, மறுநாள் கழுவி, தோல் நீக்கிய பிறகே அரைப்பார்கள். நிக்ஸ்டமால் என்று அதற்குப் பெயர். 3000 ஆண்டுக்கும் மேலான பழக்கம். அப்படிச் செய்தால் மாவு பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், ரொட்டி தட்ட வரும், வாசனையும் தனி. கண்ணுக்குத் தெரியாமல் இன்னொன்றும் நடக்கிறது: சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் விடுபட்டு உடம்பில் சேர்கிறது. சுண்ணாம்பிலிருந்து கால்சியமும் கூடுகிறது.

1492-க்குப் பிறகு விதை கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. செய்முறை போகவில்லை. ‘சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைப்பார்களாம்’ என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஏழைகள் மூன்று வேளையும் சோளக்கூழே குடித்த இடங்களில் ஒரு விநோத நோய் வந்தது: தோல் வெடித்தது, வயிறு கெட்டது, மனம் குழம்பியது. ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் 1735-ல் அதைக் கவனித்து எழுதினார். 1771-ல் இத்தாலியில் அதற்குப் பெலாக்ரா என்று பெயர் வந்தது. சொரசொரப்பான தோல் என்று பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அது பரவி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. தொற்றுநோய் என்றே பலரும் நம்பினார்கள். 1914-ல் இதை ஆராய அனுப்பப்பட்ட ஜோசப் கோல்ட்பெர்கர், கிருமி அல்ல, சாப்பாட்டில் உள்ள குறைதான் காரணம் என்று காட்டினார். எந்தச் சத்தின் குறை என்பது 1937-ல்தான் தெளிவானது. விதையோடு செய்முறையையும் கேட்டு வாங்கியிருந்தால் இருநூறு ஆண்டுத் துன்பம் மிச்சமாகியிருக்கும்.

எட்டு வயதுக்கு இவ்வளவு வேண்டாம். நான் சொல்வது இவ்வளவுதான்: “விதையை வாங்கிட்டுப் போனாங்க, எப்படிச் சமைக்கிறதுன்னு கேட்காம போயிட்டாங்க. அதனால நோய் வந்துச்சு.” ஒரு பெண் உடனே, “கேட்டிருக்கலாம்ல?” என்றாள். அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி ஒரு வாரம் அழிக்காமல் வைத்திருந்தேன். அடுத்தவர் சாப்பாட்டை மதிக்க வேண்டும் என்று தனியாக ஒரு பாடம் நடத்தத் தேவையில்லாமல் போயிற்று.

மூன்றாம் வாரம் நாக்குக்கு. ருசி பார்க்கும் வகுப்பு என்றவுடன் பலரும் செய்யும் தவறு, “எல்லாரும் ஒரு வாய் சாப்பிட்டே ஆகணும்” என்பது. புதிய உணவைக் கண்டு பின்வாங்குவது இரண்டு முதல் ஆறு வயது வரை மிக அதிகம், பிறகு மெல்லக் குறையும். அது பிடிவாதமோ வளர்ப்புக் குறையோ இல்லை. ஒரு புதிய காய் பிள்ளைக்குப் பழக எட்டிலிருந்து பதினைந்து முறை அது கண்ணிலும் நாக்கிலும் பட வேண்டியிருக்கலாம். பெற்றோர் மூன்றாம் முறையிலேயே ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பிரான்ஸில் ழாக் புய்சே என்பவர் 1970-களில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுவை வகுப்பு என்று ஒன்றைத் தொடங்கினார். ‘சபேரே’ என்ற பெயரில் பின்லாந்து, சுவீடன் வரை அந்த முறை போயிருக்கிறது. அங்கே ‘பிடிச்சிருக்கா?’ என்ற கேள்விக்கு அவசரம் இல்லை. எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. முதலில் பார், தொடு, உடைத்துச் சத்தம் கேள், முகர்ந்து பார், பிறகு விருப்பமிருந்தால் நாக்கில் வை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். ‘சீ’, ‘சூப்பர்’ இரண்டும் அன்று வகுப்பில் செல்லாது என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். மொறுமொறு, வழவழ, நறநற, சொரசொர, துவர்ப்பு, கார்ப்பு, சுருக்கென்று, காந்துகிறது, நாக்கில் ஒட்டுகிறது என்று சொற்கள் குவியும். இப்படி இரட்டைக் கிளவியாகக் கொட்டுவதில் தமிழை மிஞ்ச ஆளில்லை, அந்த வசதியை விடாதீர்கள். பச்சை பீட்ரூட்டை முகர்ந்த ஒரு பையன், “மழை பெஞ்ச மண்ணு” என்றான். சரியாகத்தான் சொன்னான். முதல் மழையின் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளே பீட்ரூட்டிலும் இருக்கிறது. அன்று அவன் அதை வாயில் வைக்கவில்லை. நான்காம் முறை நுனியை மட்டும் கடித்தான். எனக்கு அது போதும்.

கட்டாயப்படுத்தாமல் சாப்பிட வைக்கும் வித்தை தெரிந்தவர் ஒரு கப்பல் கேப்டன். 1768-ல் எண்டெவர் கப்பலில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட ஜேம்ஸ் குக், வைட்டமின் சி குறைவால் மாலுமிகளைக் கொல்லும் ஸ்கர்வி நோயைத் தடுப்பதற்காக, உப்பிட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிச் சென்றார். மாலுமிகள் அதைத் தொடவில்லை. இத்தனைக்கும் அதே பயணத்தின் தொடக்கத்தில், புது மாட்டிறைச்சியை மறுத்த இருவருக்குச் சவுக்கடி கொடுத்தவர் அவர். இந்த முறை வேறு வழியில் போனார். அதிகாரிகளின் மேசைக்குத் தினமும் அந்த முட்டைக்கோஸைக் கொண்டுவரச் சொன்னார். மாலுமிகளிடம், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள் என்று சொல்லிவிட்டார். ஒரு வாரத்திலேயே கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து மாளாமல், ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்க வேண்டியதாயிற்று என்று 1769 ஏப்ரலில் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ருசி வகுப்பில் நீங்கள் அதிகாரிகளின் மேசை. பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து நீங்கள் நிதானமாகச் சாப்பிடுங்கள். தட்டு நடுவில் இருக்கட்டும். முகத்தைச் சுளிக்காதீர்கள், அது ஒன்றுதான் நிபந்தனை.

முட்டைக்கோஸ் பேச்சு வந்ததால் ஒரு ஜாடிச் சோதனையும் சொல்கிறேன். ஒரு கிலோ முட்டைக்கோஸை மெல்லியதாக நறுக்கி 20 கிராம் உப்புப் போட்டுப் பிசையச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், பிசையப் பிசைய அதுவே தண்ணீர் விடும். பிள்ளைகளுக்கு அது ஒரு மந்திரம். கண்ணாடி ஜாடியில் அழுத்தி, சாறு மேலே நிற்கும்படி வைத்தால், வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு மூன்று நாளில் குமிழி வரும். லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் முட்டைக்கோஸின் சர்க்கரையைத் தின்று புளிப்பாக்குகின்றன. இதையே மத்திய ஐரோப்பாவில் சவர்க்ராட் என்கிறார்கள். கொரியாவில் நீள முட்டைக்கோஸ், மிளகாய், பூண்டு சேர்த்தால் கிம்ச்சி. குளிர்காலத்துக்கு முன் குடும்பமும் அக்கம்பக்கமும் சேர்ந்து கிம்ச்சி போடும் கிம்ஜாங் வழக்கத்தை யுனெஸ்கோ 2013-ல் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. அந்த மிளகாயே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடலாம். வகுப்பில் போட்ட ஜாடி பார்ப்பதற்கு மட்டும், சாப்பிடக் கொடுக்க வேண்டாம். முப்பது கை பிசைந்தது.

இனி பண்பாட்டுப் பக்கம். ‘ஜப்பான்காரர்கள் சூஷி சாப்பிடுவார்கள், இத்தாலிக்காரர்கள் பீட்சா சாப்பிடுவார்கள்’ என்று ஒரு நாட்டுக்கு ஒரு பண்டத்தை ஒட்டிவிடுவது சுற்றுலாப் பயணியின் பார்வை. பிள்ளைக்கு அதிலிருந்து அந்த நாட்டு மனிதர் யாரும் தெரிய மாட்டார். அதற்குப் பதிலாக, “உன் வயதுப் பிள்ளை அங்கே மத்தியானம் எப்படிச் சாப்பிடுது?” என்று கேளுங்கள். ஜப்பானில் பள்ளி உணவு 1889-ல் சுருவோக்கா என்ற ஊரில், ஒரு கோயிலில் நடந்த பள்ளியில், ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டையும் உப்பு மீனும் ஊறுகாயும் கொடுத்ததில் தொடங்குகிறது. இன்று ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளே முறை வைத்து, வெள்ளை அங்கியும் தொப்பியும் மாட்டி, வகுப்பறைக்குச் சாப்பாட்டைத் தூக்கிவந்து பரிமாறுகிறார்கள். ஆசிரியரும் அதையே அங்கேயே சாப்பிடுகிறார். எல்லாரும் சேர்ந்து ‘இத்தாதாகிமாசு’ என்று சொன்ன பிறகுதான் முதல் வாய். பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்பது போன்ற பொருள். பின்லாந்து 1943-ல் சட்டம் இயற்றி, 1948 முதல் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசச் சூடான உணவு கொடுக்கிறது. அங்கே பாதித் தட்டு காய், கால் பங்கு உருளையோ பாஸ்தாவோ, கால் பங்கு மீன், இறைச்சி அல்லது பயறு.

எத்தியோப்பியாவில் டெஃப் என்ற, கடுகைவிடச் சிறிய தானியத்தின் மாவை இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து இஞ்சேரா சுடுகிறார்கள். அதன் மேலேயே குழம்பை ஊற்றிச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தட்டும் அதுதான், கரண்டியும் அதுதான். ஒரு வாய் உருட்டிப் பக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டிவிடுவது குர்ஷா, அன்புக்கும் மரியாதைக்கும் அடையாளம். இதைச் சொன்ன அன்று என் வகுப்பே ஒருவருக்கொருவர் ஊட்டிவிடக் கிளம்பியது. கை கழுவும் பாடத்தை அப்போது சேர்த்துக்கொண்டேன். வேறு நாளில் அது இவ்வளவு சுலபமாக ஏறியிருக்காது.

வேறு நாட்டிலிருந்து வந்த அந்த நான்கைந்து பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். “உங்க நாட்டுல என்ன சாப்பிடுவீங்க, எல்லாருக்கும் சொல்லு” என்று எழுப்பி நிறுத்தாதீர்கள். அந்தப் பிள்ளை அந்த நாட்டைப் பார்த்தேயிருக்காது. அல்லது மற்றவர்கள் போல இருக்கத்தான் தினமும் பாடுபட்டுக்கொண்டிருக்கும். எல்லாரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: “உங்க வீட்ல உடம்பு சரியில்லாதப்ப என்ன தருவாங்க?” முப்பது பதில் வரும். அதில் வெளிநாடு, உள்நாடு என்ற கோடு தெரியாது. கஞ்சியோ ரசமோ சூப்போ, சூடாக, நீர்த்ததாக, உப்புப் போட்டதாக ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் தாமாகவே பேசுவார்கள். பேசாவிட்டாலும் குறையில்லை.

கடைசி நாள் விருந்து உங்கள் விருப்பம் என்றேன். வைப்பதென்றால், நாட்டை வீட்டுக்குப் பங்கிட்டுக் கொடுக்காதீர்கள். பிரேசில் பக்கமே போகாத அம்மா இணையத்தில் தேடி ராத்திரி பதினொரு மணிக்கு பிரேசில் பண்டம் செய்து, அதை எந்தப் பிள்ளையும் தொடாமல் திரும்பிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு உணவை எடுத்து, அதன் கதையோடு பரிமாறுங்கள். கரீபியன் கடலில் உள்ள ஹைட்டி நாட்டின் பூசணி சூப் நல்ல தேர்வு. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் அடிமைகள் அதைச் சமைப்பார்கள், சாப்பிட அனுமதி இல்லை. 1804 ஜனவரி 1-ல் விடுதலை அறிவித்ததன் நினைவாக, புத்தாண்டு தோறும் எல்லார் வீட்டிலும் அந்த சூப்தான். யுனெஸ்கோ பட்டியலில் 2021-ல் சேர்ந்தது. ‘ஜூமு’ என்று பெயர். வழக்கமாக இறைச்சியோடு செய்வார்கள். பூசணி, கேரட், உருளை, முட்டைக்கோஸ் மட்டும் போட்டும் செய்யலாம், வகுப்பில் எல்லாரும் சாப்பிட முடியும்.

ஆனால் ஒரு துளி எதுவும் வகுப்புக்குள் வரும் முன் பெற்றோருக்குக் கடிதம் போக வேண்டும். நிலக்கடலை, மரக்கொட்டைகள், எள், முட்டை, பால், மீன், இறால் வகை, கோதுமை, சோயா ஆகியவற்றில் எது ஒவ்வாது என்று எழுத்தில் வாங்குங்கள். சிலருக்குச் சிட்டிகை எள்ளே மூச்சை அடைக்கும். மத வழக்கப்படியும் வீட்டு வழக்கப்படியும் எதைத் தொட மாட்டார்கள் என்பதையும் அதே தாளில் கேளுங்கள். ‘ஏன்’ என்று ஒரு காலமும் கேட்காதீர்கள். திராட்சை கொடுத்தால், தொண்டையில் அடைக்காமல் இருக்க நீளவாக்கில் வெட்டுங்கள்.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்று ஒருவேளை உங்கள் தலைமையாசிரியர் கேட்பார். வைட்டமின் பெயர்களை நிரப்பச் சொல்லும் தாள் வேண்டாம். ஒரு படத்தைக் காட்டுங்கள்: பனி மூடிய மலை, உருளைக்கிழங்கு மட்டும் விளைகிறது, ராத்திரி உறைபனி, பகலில் நல்ல வெயில். “இங்கே இருப்பவர்கள் வருடம் முழுக்கச் சாப்பிட என்ன செய்வார்கள்?” பிள்ளை யோசித்து எழுதட்டும். ஆண்டிஸ் மலையில் உருளையை இரவில் உறையவிட்டு, பகலில் காலால் மிதித்துத் தண்ணீர் எடுத்து, வெயிலில் காயவைத்துச் சுன்யோ என்று வருடக்கணக்கில் சேமிக்கிறார்கள். அதைத் தெரியாமலே அதற்குப் பக்கத்தில் வரும் பதிலை எழுதும் பிள்ளைகள் இருப்பார்கள். “காய வெச்சு வடகம் போடுவாங்க” என்று ஒருத்தி எழுதினாள். முழு மதிப்பெண் கொடுத்தேன்.

அப்புறம், அந்த முட்டைக்கோஸ் ஜாடியை வெள்ளிக்கிழமை மட்டும் தொடங்காதீர்கள். சனி, ஞாயிறு மூடியைத் திறந்து வாயுவை விட ஆள் இருக்காது. திங்கள் காலை நான் போனபோது மூடி ஒரு மூலையில், சாறு மேசை முழுக்க, வருகைப் பதிவேடு நனைந்து ஊறிப்போயிருந்தது. வருடம் முடியும் வரை பெயர் கூப்பிடப் பதிவேட்டைத் திறந்தாலே புளிப்பு வாசனைதான்.